ஃபுகாஸியின் இரண்டாவது ஆல்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உருவான ராக் இசைக்குழு ஃபுகாஸி. 1991ல் அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் வந்தது. பெயர் ‘ஸ்டெடி டயட் ஆஃப் நத்திங்’. ஒன்றுமில்லாததையே அன்றாடம் உண்டு வாழ்வது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அவர்களுடைய ஆல்பங்களில் ரசிகர்கள் குறைவாகப் பேசுவது இதைப் பற்றித்தான். நான் அதிகம் திரும்பிப் போவதும் இதற்குத்தான். யாருக்காவது இதைக் கேட்கக் கொடுத்தால் ஏறக்குறைய ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

யார் இந்த ஃபுகாஸி?

நான்கு பேர். இயன் மக்காய், கீ பிச்சோட்டோ இருவரும் பாட்டு, கிடார். ஜோ லாலி பேஸ் கிடார். பிரெண்டன் கான்டி டிரம்ஸ். 1987 செப்டம்பர் 3 அன்று வாஷிங்டன் வில்சன் சென்டரில் முதல் கச்சேரி. அப்போது பிச்சோட்டோ குழுவில் இல்லை. பிறகு கூடப் பாட வந்தார், அப்புறம்தான் கிடாரையும் எடுத்தார்.

நால்வரும் ஏற்கெனவே வாஷிங்டனின் பங்க், அதாவது வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் இசை, வட்டத்தில் வளர்ந்தவர்கள். மக்காய் அதற்கு முன் டீன் ஐடில்ஸ், மைனர் திரெட் ஆகிய குழுக்களில் இருந்தார். பிச்சோட்டோவும் கான்டியும் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழுவில் இருந்தவர்கள். லாலி இன்னொரு உள்ளூர்க் குழுவோடு பயணம் செய்து சாமான் தூக்கி, மேடை அமைத்துக் கொடுத்தவர்.

‘ஃபுகாஸி’ என்பது வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் பேசிக்கொண்ட கொச்சைச் சொல். எல்லாம் நாசமாய்ப் போய், பதுங்கித் தாக்கியவர்களிடம் சிக்கி, கடைசியில் பிணப்பையில் திரும்புவது என்பதுபோல அதற்கு விளக்கம் சொல்வார்கள்.

இது உண்மையிலேயே இரண்டாவது ஆல்பமா? அதற்கு முன்பே இரண்டு இருக்கிறதே?

இந்தக் குழப்பம் நியாயமானது. கடையில் ‘13 சாங்ஸ்’ என்று ஒரு சிடி கிடைக்கும், 1989ல் வந்தது. 1988லும் 1989லும் தனித்தனியாக வந்த இரண்டு சிறிய இசைத்தட்டுகளைச் சேர்த்துப் போட்ட தொகுப்பு அது. முழு ஆல்பமாக யோசித்துப் பதிவு செய்த முதல் படைப்பு 1990ல் வந்த ‘ரிப்பீட்டர்’. அந்தக் கணக்கில் ‘ஸ்டெடி டயட்’ இரண்டாவது. குழுவினரும் இப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

‘சுயாதீன இசைக்குழு’ என்றால் என்ன? பெரிய கம்பெனியில் இல்லை என்பது மட்டும்தானா?

பல குழுக்களுக்கு அவ்வளவுதான். பெரிய கம்பெனி கூப்பிடும்வரை சுயாதீனம், கூப்பிட்ட மறுநாள் முதல் இல்லை. ஃபுகாஸி விஷயத்தில் அந்தச் சொல்லுக்குக் கனம் அதிகம். ஒரு பாட்டு காதுக்கு வந்து சேரும்வரை நடக்கிற ஒவ்வொரு காரியத்திலும் விலை என்ன, யாருக்கு எவ்வளவு, யாரை உள்ளே விடுவது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். அவர்களுடைய சுயாதீனத்தை நான் முதலில் பார்த்தது கிடாரில் இல்லை, கணக்கு நோட்டில்.

அவர்களுடைய லேபிளின், அதாவது இசைத்தட்டு வெளியிடும் நிறுவனத்தின், பெயர் டிஸ்கார்ட். இன்று எல்லோரும் அரட்டைக்குப் பயன்படுத்தும் செயலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எழுத்துக்கூட்டல்கூட வேறு. டீன் ஐடில்ஸ் கலைந்தபோது கச்சேரிகளில் சேர்த்த பணம் கொஞ்சம் கையில் இருந்தது. பிரித்துக்கொண்டு போகாமல் அந்தப் பணத்தில் தங்கள் பாடல்களை ஓர் இசைத்தட்டாக ஆயிரம் பிரதி அடித்தார்கள். 1980ல் டிஸ்கார்ட் தொடங்கியது அப்படித்தான். தொடங்கியவர்கள் பள்ளிப் பருவத்தை அப்போதுதான் தாண்டிய பையன்கள். அட்டையை வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டியதும் அவர்களும் நண்பர்களும்தான்.

அதன்பின் மக்காயும் டீன் ஐடில்ஸில் உடனிருந்த ஜெஃப் நெல்சனும் அதை நடத்தினார்கள். வாஷிங்டன் வட்டாரக் குழுக்களை மட்டுமே வெளியிடுவது என்று ஒரு வரம்பு. எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. செலவு போக வரும் லாபத்தைக் குழுவும் லேபிளும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு குழு விலகிப் போக நினைத்தால் போகலாம், ஜாபாக்ஸ், ஷடர் டு திங்க் ஆகிய குழுக்கள் அப்படிப் பெரிய கம்பெனிகளுக்குப் போகவும் செய்தன. தட்டு அச்சடிப்பதற்கும் கடைகளுக்கு அனுப்புவதற்கும் லண்டனிலிருந்த சதர்ன் நிறுவனம் துணை நின்றது. அதுவும் சுயாதீன நிறுவனம்தான்.

இன்னொன்று, விலை. தபாலில் வாங்கினால் தபால் செலவும் சேர்த்து எவ்வளவு என்பதை இசைத்தட்டு அட்டையிலேயே அச்சடித்து விடுவார்கள். கடைக்காரர் ஏற்றி விற்றால் வாங்குபவருக்கு உடனே தெரிந்துவிடும். பெரிய கம்பெனி சிடிகள் 15 டாலர் அளவில் விற்ற காலத்தில் இவர்களுடையதை 10 டாலருக்குள் வாங்க முடிந்தது.

ஐந்து டாலர் டிக்கெட் என்கிறார்களே, அது எப்படிக் கட்டுப்படியானது?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், இதற்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஒரு ராக் குழு ஊர் ஊராகப் போகும்போது வசூல் எங்கே போகிறது என்று பாருங்கள். மேனேஜருக்கு ஒரு சதவீதம். கச்சேரி பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டுக்கு ஒரு சதவீதம். வழக்கறிஞர், பயண மேலாளர், பேருந்து, ஓட்டல், மேடையில் ஏறி இறங்கும் ஆட்கள். இவ்வளவையும் கட்டிக்கொண்ட பிறகு டிக்கெட் விலையை ஏற்றாமல் வழியில்லை.

ஃபுகாஸியில் மேனேஜர் கிடையாது. ஏஜெண்ட் கிடையாது. மக்காயே தொலைபேசியில் உட்கார்ந்து ஒவ்வோர் ஊராகப் பேசிக் கச்சேரி பிடித்தார். ஒரு வேனில் போனார்கள், தெரிந்தவர் வீட்டுத் தரையில் படுத்தார்கள். ஆயிரம் பேர் வந்தால் ஐந்தாயிரம் டாலர், அதைப் பங்கு கேட்க ஆட்கள் குறைவு. வேறு ரகசியம் எதுவும் இல்லை.

ஆனால் விலையைவிடக் கடினமான நிபந்தனை ஒன்று இருந்தது. எல்லா வயதினரையும் உள்ளே விட வேண்டும். அமெரிக்காவில் மது அருந்தும் வயது 21. அங்கே ராக் கச்சேரி நடக்கும் கிளப்புகளுக்கு நிஜமான வருமானம் மதுக்கடையிலிருந்து வருகிறது, அதனால் 21க்குக் கீழே உள்ளவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். 16 வயதுப் பெண்ணுக்கோ பையனுக்கோ தங்களுக்காகவே எழுதிய பாட்டை நேரில் கேட்கும் வழி இல்லை. மக்காயும் நண்பர்களும் பதின்வயதில் இதை நேரடியாக அனுபவித்தவர்கள். 1980ல் சான் பிரான்சிஸ்கோ போயிருந்தபோது ஒரு கிளப்பில் அவர்களைத் திருப்பி அனுப்பாமல், மது கொடுக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகக் கையில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள். அந்த யோசனையை ஊருக்குக் கொண்டுவந்து வாஷிங்டன் கிளப்புகளிலும் கேட்டு வாங்கினார்கள். பிற்காலத்தில் அந்தப் பெருக்கல் குறி உலகெங்கும் மது, புகை வேண்டாம் என்ற பங்க் இளைஞர்களின் அடையாளமானது.

ஆகவே கிளப் ஒத்துக்கொள்ளாத ஊரில் தேவாலய அடித்தளம், பள்ளி உடற்பயிற்சிக்கூடம், சங்கக் கட்டடம் என்று இடம் தேடினார்கள். சொந்த ஊரான வாஷிங்டனில் நடத்திய கச்சேரிகள் பெரும்பாலும் இலவசமாகவோ ஏதாவது ஒரு பொதுக் காரியத்துக்கு நிதி திரட்டவோ நடந்தவை. பாசிட்டிவ் ஃபோர்ஸ் என்ற இளைஞர் அமைப்பு அதற்குக் கூட நின்றது. 1990 டிசம்பரில் லார்ட்டன் சிறையில் கைதிகளுக்காகவும் வாசித்திருக்கிறார்கள்.

இந்த ஆல்பம் எப்போது, எங்கே பதிவானது?

1991 தொடக்கத்தில், வாஷிங்டனுக்கு ஆற்றின் அக்கரையிலுள்ள ஆர்லிங்டனில், இன்னர் இயர் ஸ்டூடியோவில். ஒலிப்பதிவு டான் ஜியன்டாரா. தன் வீட்டின் அடித்தளத்தில் கருவிகளை வைத்து வேலையைத் தொடங்கிய மனிதர் அவர். டிஸ்கார்டின் ஆரம்ப கால இசைத்தட்டுகளில் பெரும்பகுதி அவர் கையால் பதிவானவை. பிறகு ஸ்டூடியோ அதே ஊரில் பெரிய இடத்துக்கு மாறியது. அந்தக் கட்டடத்தை ஆர்லிங்டன் நிர்வாகம் வாங்கியதால் 2021ல் அதுவும் மூடப்பட்டது.

ஆல்பம் 1991 கோடையில் வெளிவந்தது. டிஸ்கார்டின் 60ஆம் எண் வெளியீடு. 11 பாடல்கள், மொத்தம் நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

வளைகுடாப் போருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இந்த ஆல்பம் எனக்குப் பிடிபடத் தொடங்கியதே இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான்.

1990 ஆகஸ்ட் 2 அன்று இராக் குவைத்துக்குள் நுழைந்தது. வெளியேற 1991 ஜனவரி 15 வரை ஐ.நா. கெடு வைத்தது. கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது, ஜனவரி 12 அன்று, ஃபுகாஸி வெள்ளை மாளிகைக்கு எதிரே இருக்கும் லஃபாயெட் பூங்காவில் போர் வேண்டாம் என்று வாசித்தார்கள். திறந்தவெளி, உறையவைக்கும் குளிர். கிடார் கம்பியில் விரல் வைப்பதே வேதனையாக இருந்திருக்கும். பாசிட்டிவ் ஃபோர்ஸ் ஏற்பாடு. அதே பூங்காவில் அந்த நாட்களில் பக்கெட்டுகளையும் டிரம்களையும் அடித்து, வெள்ளை மாளிகைக்குள் இருப்பவர் காதில் விழட்டும் என்று போராட்டம் நடத்தியவர்களில் அந்த அமைப்பினரும் உண்டு.

வாஷிங்டன் நேரப்படி ஜனவரி 16 மாலை குண்டுவீச்சு தொடங்கிவிட்டது. ஆல்பத்தின் பதிவு நடந்தது இந்தக் குளிர்காலத்தில்தான். தொலைக்காட்சியில் இருபத்துநான்கு மணி நேரமும் போர்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. கடைசிப் பாடல் ‘கே.ஒய்.ஈ.ஓ.’, ‘கண்ணைத் திறந்து வைத்திரு’ என்ற ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துகள். சண்டை ஓய்ந்துவிட்டதாகத் தோன்றினாலும் உறங்கிவிடாதே என்று அந்தப் பாட்டு எச்சரிக்கிறது. போர் முடிந்து வெற்றி ஊர்வலங்கள் நடந்த கோடையில் இந்தத் தட்டு கடைக்கு வந்தது. அந்த வருடத்தில் அதைக் கேட்டவர்களுக்கு அந்த எச்சரிக்கை எப்படிப் பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

தயாரிப்பாளர் இல்லாமல் ஏன் செய்தார்கள்?

‘ரிப்பீட்டர்’ ஆல்பத்தைத் தயாரித்தவர் டெட் நைஸ்லி. ஒரு பாட்டைப் பலமுறை வாசித்துப் பதிவு செய்ததில் எந்த டேக் சரி, எது சரியில்லை என்று தயங்காமல் சொல்லக்கூடியவர். ‘ஸ்டெடி டயட்’ நேரத்தில் அவர் இசைத் தயாரிப்பை விட்டுச் சமையல் தொழிலுக்குப் போயிருந்தார். வெளியாள் ஒருவரைத் தேடுவதற்குப் பதில் நாமே பார்த்துக்கொள்வோம் என்று நால்வரும் முடிவு செய்தார்கள்.

ஒலி ஏன் இவ்வளவு வறண்டு இருக்கிறது? என் ஹெட்போனில் கோளாறா?

ஹெட்போன் நன்றாகத்தான் இருக்கிறது. ‘ரிப்பீட்டர்’ கேட்டுவிட்டு நேராக இதற்கு வந்தால் யாரோ சன்னலைச் சாத்திவிட்டதுபோல இருக்கும். கிடார்கள் முன்னால் பாய்ந்து வருவதில்லை. டிரம்ஸ் சத்தம் ஒரு சின்ன அறைக்குள் அடங்கி நிற்கிறது. எதிரொலி, அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை. நானும் முதலில் கேட்டபோது இரண்டு பாட்டோடு நிறுத்திவிட்டுப் பல மாதம் இதைத் தொடவில்லை.

காரணம் குழுவினரே பிற்காலப் பேட்டிகளில் சொன்னதுதான். நீண்ட சுற்றுப்பயணங்களால் களைத்திருந்தார்கள். குரலும் கருவிகளும் எந்த அளவில் கேட்க வேண்டும் என்று முடிவு செய்யும் மிக்ஸிங்கில் நால்வருக்கும் சம உரிமை. ஒருவர் மனம் நோகக் கூடாது என்று மற்றவர் விட்டுக்கொடுக்க, யாருடைய கருவியும் தூக்கலாக இல்லாமல் எல்லாம் ஒரே மட்டத்தில் நின்றுவிட்டது. ‘உன் கிடாரைக் குறை, இந்த இடத்தில் குரல் மேலே வரட்டும்’ என்று சொல்ல வெளியாள் இல்லை.

இதை ஒரு குறையாகத்தான் நானும் கேட்கிறேன். ‘லத்தீன் ரூட்ஸ்’ பாட்டின் மேடைப் பதிவைக் கேட்டால், ஸ்டூடியோவில் அதற்கு என்ன கிடைக்காமல் போனது என்று தெரிந்துவிடும். ஆனால் பல தடவை கேட்டபின் இன்னொன்றும் புலப்பட்டது. ஒலி இப்படி வெறுமையாக இருப்பதால் லாலியின் பேஸ் தெளிவாகக் கேட்கிறது. ஜமைக்காவின் ரெகே, டப் இசையிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட நடை அது. ஓர் இடத்தில் வாசித்துவிட்டு, அடுத்த இடத்தை வேண்டுமென்றே காலியாக விடுவார். அந்தக் காலி இடத்தில்தான் கான்டி விளையாடுகிறார். ‘லாங் டிவிஷன்’ பாட்டை இரவில், சத்தமில்லாத அறையில் கேட்டுப் பாருங்கள். இரண்டு கிடார்களும் மெதுவாகப் பின்னிக்கொண்டு போகும், கீழே பேஸ் மட்டும் நடந்துகொண்டே இருக்கும். பளபளப்பான மிக்ஸிங்கில் அந்தத் தனிமை தங்கியிருக்காது.

பாடல்கள் எதைப் பற்றியவை?

எல்லாவற்றையும் விளக்க மாட்டேன். பிச்சோட்டோ எழுதும் வரிகள் பல நேரம் நேரடியாகப் பிடி கொடுக்காது, அப்படியே விடுவதுதான் நல்லது. இரண்டு பாடல்களுக்கு மட்டும் பின்னணி தெரிந்தால் கேட்பது மாறிவிடும்.

‘ரெக்லமேஷன்’ பாட்டை மக்காய் பாடுகிறார். தங்கள் உடல்மீது தங்களுக்கே உரிமை வேண்டும் என்று கேட்கிற, ஒரு கோரிக்கை மனுவைப் படிப்பதுபோலத் தொடங்கும் பாட்டு. 1989ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை மாநிலங்கள் கட்டுப்படுத்த இடம் கொடுத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. வாஷிங்டன் தெருக்களில் அதை ஒட்டிப் பெரிய பேரணிகள் நடந்தன. பாட்டின் தொடக்கத்தில் கிடார் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே நிற்க, பேஸ் வந்து சேரும் இடம் இந்த ஆல்பத்திலேயே எனக்கு மிகப் பிடித்தது.

‘டியர் ஜஸ்டிஸ் லெட்டர்’ நீதிபதி வில்லியம் பிரென்னனை நோக்கிப் பாடியது. 1956 முதல் உச்ச நீதிமன்றத்தில் இருந்து, தனிமனித உரிமைகளின் பக்கம் நின்று பல தீர்ப்புகள் எழுதியவர் அவர். 1990 ஜூலையில் உடல்நலம் காரணமாகப் பதவி விலகினார். அவர் போய்விட்டால் இனி யார் இருக்கிறார்கள் என்ற பதற்றம் பிச்சோட்டோவின் குரலில் இருக்கிறது. ஒரு நீதிபதி ஓய்வு பெற்றதற்காக ராக் பாட்டு எழுதுவார்களா என்று கேட்டால், உச்ச நீதிமன்றம் இருக்கிற ஊரிலேயே வாழ்ந்தவர்களுக்கு அது பக்கத்துத் தெருச் சமாச்சாரம்.

‘ஸ்டெடி டயட்’ என்ற தலைப்புப் பாட்டில் வார்த்தையே கிடையாது, வெறும் கருவியிசை.

இரண்டாவது ஆல்பம் ஏன் கஷ்டம் என்று எல்லாக் குழுக்களும் சொல்கின்றன?

முதல் ஆல்பத்துக்குப் பின்னால் அதுவரை வாழ்ந்த வாழ்க்கை முழுதும் இருக்கிறது. இருபது வருடம் சேர்த்து வைத்ததை ஒரு தட்டில் இறக்குகிறார்கள். இரண்டாவதுக்கு ஒரு வருடம், அதுவும் வேனில் கழிந்த வருடம். முதலாவதை யாரும் எதிர்பார்க்கவில்லை, இரண்டாவதைக் கடைக்காரர்கள் முன்கூட்டியே கேட்கிறார்கள். முதல் ஆல்பத்தையே திருப்பிக் கொடுத்தால் சலிப்பு, மாற்றினால் ‘முன்பு போல இல்லை’ என்ற புகார்.

ஃபுகாஸிக்கு இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. ‘ரிப்பீட்டர்’ நன்றாக ஓடியது. கூட்டம் இருநூறிலிருந்து ஆயிரமானது, ஆயிரம் அதற்கும் மேலே போனது. இருநூறு பேர் வரும்போது ஐந்து டாலர் வாங்குவது சுலபம். பத்து டாலர் வைத்தாலும் வாசலில் வரிசை நிற்கும் என்று தெரிந்தபின் ஐந்தே போதும் என்பதற்குத்தான் உறுதி வேண்டும். அவர்களுடைய கொள்கைக்கு உண்மையான சோதனை வந்தது இந்த ஆல்பத்தின்போதுதான் என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து பெரிய தயாரிப்பாளரையும் பெரிய ஸ்டூடியோவையும் பிடித்திருக்கலாம். அதே ஊர், அதே ஜியன்டாரா, அதே லேபிள், அதே விலை. தட்டின் ஒலியில் குறை இருக்கலாம், கொள்கையில் எதையும் தளர்த்தவில்லை.

அதே 1991ல் நிர்வாணா என்ற இன்னொரு அமெரிக்க ராக் குழுவின் ‘நெவர்மைண்ட்’ வந்ததே. அதுவும் இரண்டாவது ஆல்பம்தானே?

ஆமாம், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது சுவாரசியம். நிர்வாணாவின் முதல் ஆல்பம் ‘பிளீச்’ 1989ல் சியாட்டிலின் சுயாதீன லேபிளான சப் பாப் வெளியீடு, பதிவுச் செலவு 606 டாலர் சொச்சம். இரண்டாவது ‘நெவர்மைண்ட்’ 1991 செப்டம்பர் 24 அன்று பெரிய கம்பெனியான கெஃபன் குழுமத்தின் டி.ஜி.சி. லேபிளில் வந்தது. ‘ஸ்டெடி டயட்’ வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அடுத்த ஜனவரியில் ‘நெவர்மைண்ட்’ அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம்.

அதன்பின் பெரிய கம்பெனிகள் சுயாதீனக் குழுக்களைத் தேடி ஊர் ஊராக ஆள் அனுப்பின. நிர்வாணா செய்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆல்பத்தால்தான் என்னைப் போன்ற பலரும் ஃபுகாஸி பெயரையே கேள்விப்பட்டோம். ஆனால் ஒரே வருடத்தில், ஒரே பங்க் மண்ணிலிருந்து, இரண்டு குழுக்கள் தங்கள் இரண்டாவது அடியை வெவ்வேறு திசையில் வைத்ததைப் பார்க்கும்போது, எது ஒன்றும் கட்டாயம் இல்லை என்று தெரிகிறது.

ஃபுகாஸியைப் பெரிய கம்பெனி கூப்பிடவே இல்லையா?

கூப்பிட்டார்கள். 1993ல் நியூயார்க் ரோஸ்லேண்ட் அரங்கில் நடந்த கச்சேரிக்கு அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸை நிறுவியவர்களில் ஒருவரான அகமத் எர்டெகன் நேரிலேயே வந்து பேசினார். மரியாதையோடு மறுத்துவிட்டார்கள். அந்த வருடம் வந்த மூன்றாவது ஆல்பம் ‘இன் ஆன் த கில் டேக்கர்’ டிஸ்கார்ட் வெளியீடாகவே பில்போர்டு 200 என்ற அமெரிக்க ஆல்பம் பட்டியலுக்குள் நுழைந்தது. அதற்கு நைஸ்லி திரும்பி வந்திருந்தார்.

டி-ஷர்ட்கூட விற்கவில்லையாமே?

இல்லை. கச்சேரி வாசலில் மேசை போட்டுப் பனியன், ஸ்டிக்கர் விற்பதில்லை என்று முடிவு. இசைதான் எங்கள் வேலை, துணி வியாபாரம் இல்லை என்பது அவர்கள் நிலை. வெளியாட்கள் கள்ளத்தனமாக அடித்து விற்றார்கள், அவற்றில் பேர்போனதில் ‘இது ஃபுகாஸி டி-ஷர்ட் இல்லை’ என்று எழுதியிருந்தது. இசை வீடியோவும் எடுக்கவில்லை.

கச்சேரியில் ரசிகர்களை வெளியே அனுப்புவார்களாமே?

முட்டி மோதி, அடுத்தவர்மேல் விழுந்து காயப்படுத்துபவர்களை மட்டும். அமெரிக்கப் பங்க் கச்சேரிகளில் மேடைக்கு முன்னால் உடம்பால் மோதிக்கொள்ளும் ஆட்டம் வழக்கமாகிவிட்டிருந்தது. அதில் முன்வரிசை முழுக்கப் பெரிய ஆண்களின் இடமாகிப் பெண்களும் சிறுவர்களும் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். எல்லா வயதினரும் வரலாம் என்று சொல்லிவிட்டு, வந்த சிறுவன் மூக்கு உடைந்து திரும்பினால் என்ன அர்த்தம்?

அதனால் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, மோதுபவரைப் பார்த்து, நிதானமாக, ‘ஐயா’ போட்டுப் பேசுவார் மக்காய். கேட்கவில்லை என்றால் ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். அதற்கென்றே வேனில் ஐந்து டாலர் நோட்டுப் போட்ட உறைகள் வைத்திருந்தார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்த அந்த ஒரு செய்கைமேல் எனக்கு மதிப்பு அதிகம். கோபத்தில்கூடக் கணக்கை நேராக வைத்திருந்தார்கள்.

முதல்முறை கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

‘13 சாங்ஸ்’. அதன் முதல் பாட்டின் பேஸ் இசை பலருக்கும் பெயர் தெரியாமலே பரிச்சயமாக இருக்கும். அப்புறம் ‘ரிப்பீட்டர்’. அதன்பின் ‘ஸ்டெடி டயட்’, ஆனால் வரிசையாக எல்லாவற்றையும் வேண்டாம். ‘ரெக்லமேஷன்’, ‘லாங் டிவிஷன்’, ‘கே.ஒய்.ஈ.ஓ.’ மூன்றையும் தனியாகக் கேட்டுப் பழகிவிட்டு, பிறகு முதல் பாட்டான ‘எக்ஸிட் ஒன்லி’யிலிருந்து முழுதாகப் போங்கள். சத்தத்தை வழக்கத்தைவிடச் சற்றுக் கூட்டி வையுங்கள், இந்த ஆல்பத்துக்கு அது தேவை. 1995ல் வந்த ‘ரெட் மெடிசின்’, 2001ல் வந்த கடைசி ஆல்பம் ‘தி ஆர்க்யுமென்ட்’ இரண்டும் அதற்குப் பிறகு. இவை இரண்டிலும் ஸ்டூடியோவை ஒரு கருவியாகவே கையாளக் கற்றிருப்பார்கள். ‘ஸ்டெடி டயட்’டில் தாங்களே தடுமாறியதிலிருந்து வந்த தைரியம் அது என்றுதான் எனக்குப் படுகிறது.

குழு இப்போதும் இருக்கிறதா?

கலைந்துவிட்டோம் என்று அறிவிக்கவில்லை. 2002 நவம்பர் 4 அன்று லண்டனில் கடைசியாக வாசித்தார்கள். குடும்பம், குழந்தைகள் என்று வாழ்க்கை மாற, காலவரையறை இல்லாத ஓய்வு என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். லாலியும் கான்டியும் த மெஸ்தெடிக்ஸ் என்ற குழுவில் சேர்ந்து வாசிக்கிறார்கள். மக்காயும் லாலியும் கோரிக்கி என்ற குழுவில் சேர்ந்து 2020ல் ஓர் ஆல்பம் போட்டார்கள். டிஸ்கார்ட் இன்றும் இயங்குகிறது.

‘ஸ்டெடி டயட்’ பாடல்களை மேடையில் எப்படி வாசித்தார்கள் என்று கேட்க வழியிருக்கிறதா?

இருக்கிறது, தாராளமாகவே. ஃபுகாஸி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தது. அவற்றில் எண்ணூறுக்கும் மேற்பட்டவற்றை அவர்களுடைய ஒலிப்பொறியாளர்கள் பதிவு செய்து வைத்திருந்தார்கள். 2011 டிசம்பரிலிருந்து அவற்றை இணையத்தில் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். பாட்டு வரிசையை முன்கூட்டி எழுதி வைக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை, மேடையிலேயே கண்ணால் பேசி அடுத்த பாட்டுக்குத் தாவுவார்கள், அதனால் ஒரு கச்சேரிபோல இன்னொன்று இருக்காது. 1991, 1992 வருடத்துப் பதிவு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ‘ரெக்லமேஷன்’ நிச்சயம் எதிலாவது இருக்கும். ஒரு கச்சேரியைத் தரவிறக்க அவர்கள் பரிந்துரைத்த விலை ஐந்து டாலர். முடியாதவர் ஒரு டாலர் கொடுக்கலாம் என்றும் வைத்திருந்தார்கள்.